ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்

கல்லூரியில் என் சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நான் சுவிட்சர்லாந்து. என் பக்கத்து வரிசையில் நார்வே, அதற்குப் பின்னால் பெல்ஜியம், ஜன்னலோரம் அபிசீனியா, முதல் பெஞ்சில் இங்கிலாந்து. நாகர்கோவிலில் சரித்திரமும் அரசியலும் படித்த எங்கள் வகுப்பு அப்படித்தான் இருந்தது.

அரசியல் டிபார்ட்மெண்ட் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்வோமே தவிர, அது மாடியில் ஒரே ஓர் அறை. கீழே ரசாயன வகுப்பு. அவர்கள் எதையாவது கொதிக்க வைத்தால் எங்களுக்கு மேலே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாடம் நடக்கும். ஓர் உலக உருண்டை, துணியில் ஒட்டிய பூகோளப் படம் ஒன்று, கறையான் அரித்த அலமாரி, ஒரு புரொபஸர். அவ்வளவுதான் டிபார்ட்மெண்ட்.

புரொபஸர் நல்ல மனுஷர். புத்தகத்தை உருப்போட்டு அரசியல் வராது என்பார். அதனால் ஜூன் மாதம் வகுப்புத் தொடங்கியதும் சீட்டுக் குலுக்கிப் போடுவார். யாருக்கு எந்தத் தேசம் வந்ததோ அது வருஷம் முழுக்க அவன் தேசம். பத்திரிகையில் அதைப் பற்றி என்ன வந்தாலும் அவன் படித்து வைத்திருக்க வேண்டும். புதன்கிழமை மத்தியானம் அந்த அறை சர்வதேச சங்கம் கூடுகிற ஜெனிவா ஆகிவிடும். தேசங்கள் எழுந்து பேசும், திருத்தம் கொண்டுவரும், ஓட்டுப் போடும், தீர்மானம் நிறைவேற்றும். எல்லாம் இங்கிலீஷில்தான். சபை அனுமதிக்காமல் ஒரு தேசம் இன்னொரு தேசத்துக்காக வாய் திறக்கக் கூடாது என்பது முக்கியமான விதி. பழகப் பழக அந்தப் பழக்கம் வகுப்புக்கு வெளியேயும் வந்துவிட்டது. காப்பிக் கடையில் நின்றுகொண்டு, "ஏலே பெல்ஜியம், காசு நீ குடுப்பியா, இல்ல ஓட்டுக்கு விடணுமா?" என்று கேட்பார்கள்.

எனக்கு மட்டும் சீட்டு எடுக்க விடவில்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சண்டைக்கே போகாத தேசம் சுவிட்சர்லாந்து, அதைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்று இங்கிலாந்து சொன்னான், எல்லாரும் கை தூக்கினார்கள். ஜெனிவா என் தேசத்தில் இருப்பதால் சபைக்கு வருகிறவர்களை உபசரிப்பது என் கடமை என்றும் ஒரு திருத்தம் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த உலக உருண்டையைத் தூக்கி எவன் தலையிலாவது போட்டிருக்க வேண்டும். போடவில்லை. புதன்கிழமைதோறும் ஒரு கூஜாவில் சுக்குக் காப்பி கொண்டுபோனேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல காப்பிதான்.

இங்கிலாந்தைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். வக்கீல் வீட்டுப் பிள்ளை. இங்கிலீஷ் அவன் வாயில் தண்ணீர் பட்ட பாடு. யாருக்காவது கஷ்டம் என்றால் அவன் கண் கலங்கிவிடும். அபிசீனியா நேர் எதிர். கடியப்பட்டணத்துக்காரன். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். கோட்டாறில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தான். அதிகம் பேச மாட்டான். அந்த வருஷம் அவனுக்கு அந்தச் சீட்டு வந்தது அவன் தலையெழுத்து. நிஜ அபிசீனியாவில் இத்தாலியின் குண்டு விழுந்துகொண்டிருந்தது. வாராவாரம் அவன் எழுந்து தன் தேசத்துக்காகக் கேட்பான். வாராவாரம் சபை ஆழ்ந்த கவலை தெரிவிக்கும். ஒரு நாள் தீர்மானத்தின் நடை பிரமாதம் என்று புரொபஸர் மெச்சினார். அபிசீனியா உட்கார்ந்துகொண்டே, "நல்ல இங்கிலீஷாக்கும்" என்று மேஜையைப் பார்த்துச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் யாரும் கவனிக்கவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஊரும் உறவும் வாய்க்கு வந்ததைப் பேசியும் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். சிதறால் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். நிலபுலம் உள்ள வீடு. எனக்கு அந்தக் கல்யாணத்தில் வெறுப்பு ஒன்றும் இல்லை, அவசரமும் இல்லை. பி.ஏ. எழுதி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு உலகப் படத்தை விரித்துச் சரித்திரம் சொல்ல வேண்டும். அந்த ஆசை மட்டும் எனக்குள் கெட்டியாக இருந்தது. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையும் இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

அப்பா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மக்களே, மார்ச்சுல நீ பரீட்ச எழுதினா, ரெண்டு வருஷம் வேல பாத்துட்டுதான் கல்யாணம். அவங்ககிட்டச் சொல்லியாச்சு, செரிண்ணுட்டாங்க. எழுதலண்ணா சித்திரையில வச்சிரணும்ணு கேக்காங்க. அதுக்கு மேல பேச எனக்கு வாய் இல்ல, கேட்டியா?"

"எழுதாம என்னப்பா? எழுதீருவேன்" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

மார்கழியில் சின்னத் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் முகத்தில் முத்துப் போட்டது. அம்மா நிலைப்படியில் வேப்பிலை கட்டினாள். "அம்ம வெளையாடுகா. ஒருத்தரும் வாசப்படி தாண்டப்பிடாது" என்றாள். அம்மை போட்ட வீட்டிலிருந்து யாரும் பிற வீடுகளுக்கோ பள்ளிக்கோ போவதில்லை. தாளிப்பது இல்லை, வெள்ளை உடுப்பதில்லை, வைத்தியரைக் கூப்பிடுவதும் இல்லை. சுகாதார இன்ஸ்பெக்டருக்குச் செய்தி போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே ஓலை ஷெட்டில் போட்டுவிடுவார் என்று பயம். தெருவில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் மூச்சு விடவில்லை. அதுதான் எங்கள் தெருவின் மரியாதை.

தம்பிக்குத் தலைக்குத் தண்ணீர் விடப் போகிற சமயத்தில் தங்கைக்குப் போட்டது. மறுபடியும் முதலிலிருந்து காவல். தங்கைக்குக் கடுமையாக இருந்தது. வாழையிலையில் படுக்க வைத்து, வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே இருப்பேன். இறங்கும்போது அவளுடைய இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. விளக்கைக் காட்டி, "தெரியுதா பிள்ளே?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாசியில் கல்லூரிக்குத் திரும்பினால் ஆபீஸில் என் வருகை பற்றாது என்றார்கள். பற்றாததைப் பிரின்சிபால் மன்னிக்கலாம், மன்னித்தால்தான் பரீட்சை. அதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். அம்மைக்கு டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு நான் எங்கே போவேன்?

பிரின்சிபாலிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பெற்றோர் சொல்வதை ஏற்க விதியில் இடமில்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே வழியும் சொன்னார்: "உன் வீட்டில் அம்மை இருந்ததைக் கண்ணால் பார்த்த மாணவர்கள் இரண்டு பேர் என் முன்னால் வந்து சொல்லட்டும். போதும், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத் தபாலில் பரீட்சைப் பட்டியல் மதராஸ் யுனிவர்சிட்டிக்குப் போகிறது, அதற்குள் வரட்டும்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. பார்த்தவர்கள் சரியாக இரண்டு பேர் இருந்தார்களே. இங்கிலாந்து ஒரு நாள் என்னிடம் இருந்த புத்தகத்தை வாங்க வந்து, வேப்பிலையைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போயிருந்தான். அபிசீனியா கோட்டாறிலிருந்து எங்கள் தெரு வழியாகத்தான் நடந்து வருவான். தினமும் பார்த்திருக்கிறான். இரண்டு பேர், பிரின்சிபால் அறை வரைக்கும் நடை, நாலு வார்த்தை. முடிந்தது என்று நினைத்தேன்.

அபிசீனியாவிடம் சொன்னதும் புத்தகத்தை மூடினான். "நான் கண்டேனே. வேப்பல கெட்டியிருந்திச்சு. வாங்க, இப்பமே போவோம்" என்றான்.

இங்கிலாந்து கண் கலங்கினான். தங்கையின் கண்ணைப் பற்றிக் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. ஆனால் வர மாட்டேன் என்றான்.

"நான் தனியாப் போயி சொன்னா அது ஒரு தனி மனுஷன் சொன்னதாத்தான் இருக்கும். நீங்க சபையில ஒரு மெம்பர். சபை தீர்மானிக்காம நான் எப்படி வாய் தொறக்க? என் வாய் இப்பம் என் வாய் இல்ல, சபையோட வாயாக்கும். தீர்மானமாக் கொண்டுபோனா அதுக்கு ஒரு கனம் உண்டும். கவலப்படாதீங்க, நாளைக்கே கூட்டிருவோம்."

"பிரின்சிபால் தீர்மானம் கேக்கல. ரெண்டு பேரைத்தான் கேட்டாரு" என்றேன்.

"அவரு கேட்டத விடப் பெருசாக் குடுப்போம்" என்றான் சந்தோஷமாக.

புரொபஸருக்கோ தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக அபிசீனியாவையும் மஞ்சூரியாவையும் வைத்துப் பொம்மை விளையாட்டு விளையாடியவருக்கு நிஜமான விவகாரம் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பாட நேரத்தையெல்லாம் சபைக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவன் பேச்சுக்கும் மார்க் போட்டார். என் நன்மைக்குத்தான் எல்லாம் நடக்கிறது என்று மனதார நம்பினார்.

முதல் கூட்டம் புதன்கிழமை. ஒரு தேசத்தின் உள்வீட்டு விஷயத்தில் சபை தலையிடலாமா என்பதிலேயே அது முடிந்துபோயிற்று. வியாழக்கிழமை, விவகாரத்தில் சம்பந்தப்பட்ட தேசம் பேசலாமா, ஓட்டுப் போடலாமா என்று இத்தாலி கேட்டான். ஜெனிவா முறைகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, கூடாது என்று முடிவு செய்தார்கள். ஆக, என் வீட்டு அம்மையைப் பற்றி நான் பேசக் கூடாது. அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர்கள் நல்ல பிள்ளைகள், நாளைக்கு எப்படியும் முடித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போனதும் அப்பா முகத்தைப் பார்த்தார். நாளைக்கு ஆகிவிடும் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அபிசீனியா பொறுக்காமல் தனியாகவே போய்ப் பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டு வந்தான். அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டு, இன்னொருவனையும் கூட்டி வா என்று சொன்னாராம். மாடிக்கு ஓடி வந்து இங்கிலாந்தின் கையைப் பிடித்தான்.

"லே, ஒரு நிமிஷம் வால. அந்தா தெரியுது அறை. வந்து 'கண்டேன்'ணு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்து பேசிக்கிட்டே இரு."

"திருத்தத்து மேல பேச்சு நடக்கு மக்கா. தீர்மானம் கொண்டுவந்தவன் நானே நடுவுல எழும்பிப் போனா சபைக்கு என்ன மரியாத? சாயங்காலத்துக்குள்ள பாஸாகிரும்."

திருத்தம் என்னவென்றால், என் வீட்டில் அம்மை இருந்ததைச் சபை 'அறிகிறது' என்பதா, 'நம்புகிறது' என்பதா. அதில் மத்தியானம் போயிற்று. பிறகு பிரின்சிபாலைக் 'கேட்டுக்கொள்கிறது' என்பதா, 'வற்புறுத்துகிறது' என்பதா. அதற்கு நார்வேயும் பெல்ஜியமும் சண்டை.

எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் முற்றத்துக்கு அந்தப் பக்கம் பிரின்சிபால் அறையின் கதவு தெரியும். அவர் இரண்டு தடவை வெளியே வந்து எங்கள் மாடிப்படியைப் பார்த்தார். பிறகு பியூன் பட்டியல் வைத்த தோல்பையைக் கொண்டுவந்து வெளியே வைத்தான். விதியாவது ஒன்றாவது என்று எழுந்து நின்றேன். அன்றைக்குத் தலைமை வகித்தவன் நார்வே. மேஜையைத் தட்டி, சம்பந்தப்பட்ட தேசம் பேச அனுமதி இல்லை, தயவுசெய்து உட்காருங்கள் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். உட்கார்ந்தேன்.

ஜட்கா வண்டி வந்து நின்றது. மறுபடியும் எழுந்தேன். "அவரு போறாரு" என்று தமிழில் சொன்னேன். இந்த முறை இங்கிலாந்தே திரும்பிப் பார்த்து, கையை அமர்த்திக் காட்டினான். இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது போல. அபிசீனியா பெஞ்சைத் தள்ளிவிட்டுப் படியிறங்கி ஓடினான். வண்டிக்குப் பக்கத்தில் அவன் நின்று பேசுவதும், பிரின்சிபால் அவன் தோளில் கை வைத்து ஏதோ கேட்பதும், அவன் மாடியைக் கை காட்டுவதும் தெரிந்தது. பிரின்சிபால் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். தபால் பஸ் புறப்படும் நேரம். வண்டி போய்விட்டது.

வெயில் சாய்ந்த பிறகு தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை, நடுநிலை இல்லை, ஏகமனது. அந்த டிபார்ட்மெண்டில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான் என்று புரொபஸர் எழுந்து நின்று கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். இங்கிலாந்து அதை அழகான கையெழுத்தில் படி எடுத்து, எல்லாரிடமும் ஒப்பம் வாங்கி, பூட்டியிருந்த பிரின்சிபால் அறைக் கதவின் கீழ் இடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டு வந்தான். "இனி நிம்மதியா இருங்க" என்றான். நான் அன்றும் கொண்டுபோயிருந்த கூஜாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அபிசீனியா தெருமுனை வரைக்கும் கொஞ்சம் பின்தள்ளிக் கூடவே வந்தான்.

திங்கட்கிழமை பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் அந்தத் தாள் இருந்தது. "கடைசி வரைக்கும் காத்திருந்தேன் பெண்ணே. இத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே, ஒருவன் இறங்கி வரக் கூடாதா?" என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். மதராஸுக்குத் தந்தி கூட அடித்துப் பார்த்தார். பட்டியல் பட்டியல்தான் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு நான் மாடிக்குப் போகவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. பரீட்சை திருவனந்தபுரத்தில், பெண்களுக்கு வேறு கட்டிடம். அதனால் நான் எழுதினேனா இல்லையா என்று அவர்களுக்குத் தெரிய வழியும் இல்லை. தெரிந்த ஒருவன் அபிசீனியா. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். என் மானம் எனக்கு. அவன் சொல்லவில்லை. படிப்பு முடிந்து கொழும்புக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "செரி மக்களே" என்றார். சித்திரையில் கல்யாணம் நடந்தது. சிதறாலில் எனக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, அன்புக்கும் குறைவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். பள்ளிக்கூட மணிச் சத்தம் காதில் விழுந்தால் அடுப்படி வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். கொஞ்ச நேரம்தான். பிறகு வேலை இருக்கும்.

ஐரோப்பாவில் மறுபடியும் யுத்தம் தொடங்கிய வருஷம். பிள்ளைக்குக் காதில் சீழ் என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் எதிரே வந்து நின்று சிரித்தார். இங்கிலாந்து. கூடவே இரண்டு மாணவர்கள். திருவனந்தபுரத்தில் புதிதாக வந்திருக்கும் யுனிவர்சிட்டியில் அரசியலும் சர்வதேச விஷயங்களும் சொல்லிக்கொடுக்கிறாராம். கண்ணில் அதே ஈரம், அதே நல்ல மனது. என் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"நான் கிளாஸ்ல சொல்லுவேனே ஒரு தீர்மானம், எதிர்ப்பே இல்லாம பாஸானது? அது இவங்களுக்காகக் கொண்டுவந்ததாக்கும்."

அந்தப் பையன்கள் என்னை ஒரு கோயிலைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"ஆமா, உங்களுக்கு எந்தக் கிளாஸ் கெடச்சுது? கேக்கவே இல்ல பாருங்க" என்றார்.

"நான் பரீட்ச எழுதல."

"எழுதலியா? ஏன்?"

"வருகை பத்தலண்ணு விடல."

அவருக்குப் புரியவில்லை. "அதெப்படி? அதுதான் ஏகமனதா பாஸாச்சே" என்றார். நான் வெள்ளிக்கிழமைத் தபாலைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் அப்படியே வாடிவிட்டது. நடிப்பு இல்லை. பிறகு மிகுந்த வருத்தத்தோடு கேட்டார்.

"அப்பமே நீங்க எழும்பி ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

"எழும்பினேன்" என்றேன். "ரெண்டு தடவ எழும்பினேன்."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை.